நான்கு சீசன் மிச்சம்: பிட்ஸ்பர்க் ரசிகர்கள் போடும் கணக்கு

2025 மே 18 அன்று ஃபிலடெல்ஃபியாவில், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் அணிக்காக பால் ஸ்கீன்ஸ் எட்டு இன்னிங்ஸ் பந்து வீசினார். எதிரணி பந்தை அடித்து பேஸ் எனும் நிறுத்தத்தைச் சேர்ந்த ஹிட்டுகள் மூன்றே. ஒன்பது பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதாவது பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றினார். ஒரே ஒரு ரன் விட்டுக்கொடுத்தார். அவருக்கு எதிராக வீசியவர் அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீகில் அன்றுதான் முதல் ஆட்டம் ஆடிய மிக் ஏபல் என்ற இளைஞர். அந்த இளைஞரிடமிருந்தும், அவருக்குப் பின் வந்த பந்து வீச்சாளர்களிடமிருந்தும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியால் ஒரு ரன்கூட எடுக்க முடியவில்லை. ஆட்டம் 1-0 என்று முடிந்தது. மேஜர் லீகில் ஓர் ஆட்டத்தைத் தொடக்கம் முதல் கடைசிவரை ஸ்கீன்ஸ் தனியாளாக வீசி முடித்தது அதுதான் முதல்முறை. ஆனால் பேஸ்பாலில் ஆட்டத்தின் வெற்றியும் தோல்வியும் பந்து வீச்சாளரின் பெயரில் எழுதப்படும். ஏட்டில் அந்த நாள் அவருடைய தோல்வி என்றே பதிவாயிற்று.

அந்த சீசன் முழுவதும் ஏறக்குறைய இப்படித்தான் போயிற்று. ஸ்கீன்ஸ் 32 ஆட்டங்களில் வீசி 216 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன்களின் சராசரி 1.97. மேஜர் லீகின் இரு பாதிகளில் ஒன்றான நேஷனல் லீகின் சிறந்த பந்து வீச்சாளருக்கான சை யங் விருதை வாக்களித்த அனைவரும் அவருக்கே கொடுத்தார்கள். அப்படிப்பட்டவரின் வெற்றி தோல்விக் கணக்கு பத்துக்குப் பத்து. அணி 71 ஆட்டங்களில் வென்று 91-ல் தோற்றது. மேஜர் லீகின் 30 அணிகளில் ரன் எடுப்பதிலும் (583), பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் ஹோம் ரன் அடிப்பதிலும் (117) கடைசி இடம் பைரேட்ஸுக்கு. பந்து வீச்சிலோ முதல் பத்து அணிகளுக்குள் இருந்தது. வீச ஆள் இருந்தும் அடிக்க ஆள் இல்லாத அணியின் ரசிகராக இருப்பது எப்படிப்பட்ட வேதனை என்பதை இந்த எண்களே சொல்லிவிடுகின்றன.

இப்போது 2026 சீசன் வாசலில் நிற்கிறது. ஃபுளோரிடா மாநிலத்தின் பிராடென்டன் நகரில், 1969 முதல் இந்த அணி வசந்தகாலப் பயிற்சி எடுத்துவரும் அதே ஊரில், வீரர்கள் கூடியிருக்கிறார்கள். எல்லா அணிகளின் ரசிகர்களும் இந்த மாதத்தில் நம்பிக்கையோடுதான் இருப்பார்கள். ஆனால் பிட்ஸ்பர்க் ரசிகரின் நம்பிக்கைக்குக் காலக்கெடு ஒன்று உண்டு. இந்த ஆண்டு எத்தனை ஆட்டம் வெல்வோம் என்று நினைப்பதற்கு முன்பே, ஸ்கீன்ஸ் இன்னும் எத்தனை சீசன் நம்மிடம் இருப்பார் என்று அவர் எண்ணத் தொடங்கிவிடுகிறார். 2026, 2027, 2028, 2029 என நான்கே சீசன்கள். இந்த எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது என்பது புரிந்தால்தான் இந்த ரசிகர்களின் ஆசையும் ஆத்திரமும் புரியும்.

அமெரிக்க பேஸ்பாலில் ஓர் இளம் வீரர் மேஜர் லீக் அணிக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து ஆறு ஆண்டுப் பணிக்காலம் நிறைவடையும்வரை அந்த அணியை விட்டு அவராக விலக முடியாது. முதல் மூன்று ஆண்டுகளில், சிலருக்கு இன்னும் சற்று முன்பாகவே மாறினாலும், குறைந்தபட்ச ஊதியத்துக்குச் சற்று மேலே கழகம் கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அடுத்த மூன்று ஆண்டுகளில் சம்பளத் தகராறு வந்தால் நடுவர் தீர்ப்புக்குப் போகலாம். அதனால் ஊதியம் படிப்படியாக உயரும். ஆறு ஆண்டு முடிந்ததும் அவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆகி, முப்பது அணிகளில் எதனுடன் வேண்டுமானாலும் பேரம் பேசலாம். ஆகவே பணம் குறைவாகச் செலவிடும் ஒரு கழகத்துக்குத் தலைசிறந்த வீரர் ஒருவர் கிடைப்பதற்கு இருக்கும் ஒரே வழி, அவரை இளம் வயதிலேயே எடுத்து வளர்த்து, அந்த ஆறு ஆண்டுகளுக்குள் பயன்படுத்திக்கொள்வதுதான். அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வில், ஸ்கீன்ஸை 2023 ஜூலையில் முதல் தேர்வாக எடுத்தபோது பைரேட்ஸ் கொடுத்த கையெழுத்துத் தொகை 92 லட்சம் டாலர். சை யங் விருது வென்ற 2025-ல் அவருடைய ஆண்டு ஊதியம் 8,75,000 டாலர். அதே தரத்துப் பந்து வீச்சாளர் ஒருவரைச் சந்தையில் வாங்க வேண்டுமானால் ஆண்டுக்கு மூன்று, நான்கு கோடி டாலர் கொடுக்க வேண்டியிருக்கும்.

இதில் நாள் கணக்கும் உண்டு. சீசன் ஏறத்தாழ 186 நாள் நீளும். அதில் 172 நாள் அணியில் இருந்தால் ஓர் ஆண்டுப் பணிக்காலமாகக் கொள்ளப்படும். எனவே ஒரு புதிய வீரரைத் தொடக்கத்தில் இரண்டு மூன்று வாரம் கீழ்நிலை அணியிலேயே உட்கார வைத்தால், அந்த ஆண்டு கணக்கில் சேராது. கழகத்துக்கு ஏழாவது சீசன் ஒன்று இலவசமாகக் கிடைத்துவிடும். ஸ்கீன்ஸ் 2024 மே 11 அன்றுதான் முதல் ஆட்டம் ஆடினார். ஆனால் 2022-ல் கையெழுத்தான தொழிலாளர் ஒப்பந்தத்தின்படி, சிறந்த புதுமுக வீரர் தேர்தலில் முதல் இரண்டு இடங்களுக்குள் வருபவருக்கு முழு ஆண்டும் எண்ணப்படும். ஸ்கீன்ஸ் அந்த விருதையே வென்றார். தங்கள் வீரர் விருது வென்றதைக் கொண்டாடிய அதே நாளில், அந்த விருதால் ஓர் ஆண்டு கைநழுவியதையும் ரசிகர்கள் குறித்துக்கொண்டார்கள்.

இவ்வளவு எச்சரிக்கையாக எண்ணும் பழக்கம் ஓரிரு ஆண்டுகளில் வந்ததல்ல. 1992 அக்டோபர் 14-ல் அதன் வேர் இருக்கிறது. நேஷனல் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம், அட்லாண்டா. ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது பைரேட்ஸ் 2-0 என்று முன்னிலை. 1990-ல் சை யங் வென்ற டக் டிராபெக் அதுவரை அட்லாண்டாவை அசையவிடவில்லை. ஆனால் அந்த இன்னிங்ஸில் நிலைமை கைமீறியது. இரண்டு பேர் அவுட், மூன்று பேஸ்களிலும் ஆட்கள், ஸ்கோர் 2-1 என்ற நிலையில், அந்த சீசனில் அதிகம் ஆடியிராத ஃபிரான்சிஸ்கோ கப்ரேரா மாற்று ஆட்டக்காரராக வந்து இடப்பக்கம் அடித்தார். ஒருவர் ஓடி வந்து சமன் செய்தார். அவருக்குப் பின்னால், இரண்டாவது பேஸிலிருந்து, முழங்காலில் பல முறை அறுவை சிகிச்சை செய்துகொண்ட சிட் ப்ரீம் ஓடிவந்தார். அவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை பைரேட்ஸ் வீரர். இடப்பக்கத்திலிருந்து பாரி பாண்ட்ஸ் எறிந்த பந்து சற்றே ஓரமாக வந்தது. அதைப் பிடித்த கேட்சர் திரும்பித் தொடுவதற்குள் ப்ரீம் சறுக்கிக்கொண்டு, ரன் நிறைவாகும் இடமான ஹோம் பிளேட்டைத் தொட்டுவிட்டார். அட்லாண்டா வென்றது. அந்தக் குளிர்காலத்திலேயே பாண்ட்ஸ் ஆறு ஆண்டுக்கு 4 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலர் ஒப்பந்தத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போனார். டிராபெக் ஹூஸ்டனுக்குப் போனார். அதற்கு முந்தைய ஆண்டே பாபி பொனீயா நியூயார்க் மெட்ஸுக்குப் போயிருந்தார். அதன் பிறகு பைரேட்ஸ் தொடர்ந்து இருபது சீசன்கள், 1993 முதல் 2012 வரை, தோல்விக் கணக்கோடு முடித்தது. வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை விளையாட்டுகள் எதிலும் வேறெந்த அணியும் அத்தனை ஆண்டு தொடர்ந்து தோற்றதில்லை.

1992-ல் பத்து வயதுச் சிறுவனாக இருந்தவர், தன் அணி மீண்டும் வென்ற சீசனைப் பார்க்கும்போது முப்பதைத் தாண்டியிருந்தார். அந்த 2013 அக்டோபர் 1 இரவைப் பிட்ஸ்பர்க்கில் இன்னும் பேசுகிறார்கள். ஒற்றை ஆட்டத்தில் வெளியேற்றம் என்ற வைல்டு கார்டு ஆட்டம், சின்சினாட்டிக்கு எதிராக, சொந்த மைதானத்தில். கறுப்பு உடையில் வந்து நிறைந்திருந்த கூட்டம், எதிரணிப் பந்து வீச்சாளர் ஜானி குவேட்டோவின் பெயரை இழுத்து இழுத்துக் கூவியது. பந்து வீசும் மேட்டில் நின்றிருந்த குவேட்டோவின் கையிலிருந்து பந்து நழுவித் தரையில் விழுந்தது. கூச்சல் இரு மடங்காயிற்று. அடுத்த பந்தையே ரஸ்ஸல் மார்ட்டின் ஹோம் ரன்னாக அடித்தார். ஒரு கூட்டம் ஒரு ஆட்டத்தில் நேரடியாகக் கை வைத்ததற்கு இதைவிடத் தெளிவான காட்சியை நான் பார்த்ததில்லை. பைரேட்ஸ் 6-2 என்று வென்றது. இந்த நகரத்தில் பேஸ்பால் மீதான பற்று தேய்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அந்த இரவை எடுத்துக் காட்டினால் போதும்.

அந்த அணி மூன்றே ஆண்டு நிலைத்தது. 2015-ல் 98 ஆட்டங்களில் வென்றும், ஒற்றை வைல்டு கார்டு ஆட்டத்தில் சிகாகோவின் ஜேக் அரியெட்டாவிடம் 4-0 என்று தோற்று வெளியேறியது. அதற்குப் பின் இன்றுவரை பிளே ஆஃப் இல்லை. 2018 ஜனவரியில், சில நாள் இடைவெளியில், 2011-ன் முதல் தேர்வான கெரிட் கோலை ஹூஸ்டனுக்கும், 2013-ன் மிகச் சிறந்த வீரர் விருது வென்ற ஆண்ட்ரூ மக்கட்சனை சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் கொடுத்துவிட்டார்கள். கோல் ஹூஸ்டனில் மெருகேறி, 2019 இறுதியில் யாங்கீஸுடன் ஒன்பது ஆண்டுக்கு 32.4 கோடி டாலர் ஒப்பந்தம் செய்து, 2023-ல் சை யங் விருதும் வென்றார். 2018 ஜூலை இறுதியில் டைலர் கிளாஸ்னவ் உள்ளிட்ட இளைஞர்களை ஒரே ஒரு பந்து வீச்சாளருக்காக டாம்பாவுக்குக் கொடுத்ததும் உண்டு. அந்த கிளாஸ்னவ் 2025-ல் டாட்ஜர்ஸ் அணியோடு மேஜர் லீகின் இறுதிக் கோப்பைத் தொடரான வேர்ல்ட் சீரீஸை வென்றார். ஆகவே ஸ்கீன்ஸ் நியூயார்க் யாங்கீஸுக்குப் போக விரும்புகிறார் என்று 2025 நவம்பரில் ஒரு செய்தி கிளம்பியபோது, அவரே அதை மறுத்தும் பிட்ஸ்பர்க்கில் பலருக்கு உறக்கம் வரவில்லை. இந்தக் கதையின் முடிவை அவர்கள் கோல் மூலமாக ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள்.

இதற்கெல்லாம் கழகம் சொல்லும் காரணம் பணம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அமெரிக்கக் கால்பந்திலும் ஐஸ் ஹாக்கியிலும் ஓர் அணி வீரர்களுக்குச் செலவிடும் தொகைக்கு மேல்வரம்பு உண்டு, கீழ்வரம்பும் உண்டு. ஐ.பி.எல். ஏலத்தில் எல்லா அணிகளுக்கும் ஒரே தொகை என்று வைத்திருப்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பேஸ்பாலில் அப்படி எதுவும் இல்லை. குறிப்பிட்ட அளவைத் தாண்டிச் செலவிட்டால் வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். 2025-க்காக லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் கட்டிய அந்த வரி மட்டும் ஏறத்தாழ 16.9 கோடி டாலர். பைரேட்ஸ் தன் வீரர்கள் அனைவருக்கும் அந்த ஆண்டு கொடுத்த மொத்த ஊதியமே 10 கோடி டாலருக்குக் கீழ்தான். இந்த இடைவெளிக்குப் பெரிய காரணம் தொலைக்காட்சி. அமெரிக்கக் கால்பந்தில் ஒளிபரப்பு வருமானத்தின் பெரும்பகுதி தேசிய ஒப்பந்தங்களாக வந்து 32 அணிகளுக்கும் சமமாகப் பிரிகிறது. பேஸ்பாலில் அன்றாட ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையை அந்தந்த அணி தன் வட்டாரத்தில் விற்றுக்கொள்கிறது. டாட்ஜர்ஸ் 2013-ல் செய்துகொண்டது 25 ஆண்டுக்கு 835 கோடி டாலர் என்ற அளவிலான ஒப்பந்தம். பிட்ஸ்பர்க் வட்டாரத்து அலைவரிசையை நடத்திவந்த நிறுவனமோ 2023-ல் அந்தத் தொழிலையே விட்டு விலகியது.

ஆனால் இந்த விளக்கத்தை ஒரு பிட்ஸ்பர்க்காரரிடம் சொன்னால் அவர் வடமேற்கே கை நீட்டி மில்வாக்கியைக் காட்டுவார். மேஜர் லீகிலேயே மிகச் சிறிய சந்தை மில்வாக்கி. பைரேட்ஸ் இருக்கும் அதே பிரிவில்தான் அதுவும் ஆடுகிறது. 2018 முதல் 2025 வரையிலான எட்டு சீசன்களில் ஏழில் அது பிளே ஆஃப் சென்றது. 2025-ல் 97 ஆட்டங்களை வென்று, டாட்ஜர்ஸ், யாங்கீஸ் உட்பட எல்லா அணிகளையும்விட அதிக வெற்றி பெற்றது அதுதான். பிளே ஆஃபில் டாட்ஜர்ஸ் அதை நான்கு ஆட்டங்களில் துடைத்தெறிந்தது வேறு விஷயம். பணத்தின் பலம் அங்கே தெரிந்தது. ஆனால் அந்த இடத்துக்குப் போய்ச் சேர பணம் தடையாக இருக்கவில்லை. இளைஞர்களைத் தேர்ந்தெடுப்பது, வளர்ப்பது, சரியான நேரத்தில் விற்று இன்னும் இருவரை வாங்குவது என்ற கைத்திறனில்தான் பைரேட்ஸ் பின்தங்கியிருக்கிறது. குறிப்பாக, பந்து வீச்சாளர்களை உருவாக்கத் தெரிந்த இந்தக் கழகத்துக்கு அடிக்கும் வீரர்களை உருவாக்கத் தெரியவில்லை. ஒனீல் க்ரூஸ் இதற்குச் சரியான உதாரணம். 2025 மே மாதம் அவர் அடித்த ஒரு பந்து மணிக்கு 122.9 மைல் வேகத்தில் மட்டையை விட்டுக் கிளம்பியது. 2015-ல் வேகத்தை அளக்கத் தொடங்கியதிலிருந்து எவரும் அத்தனை வேகமாக அடித்ததில்லை. அதே மனிதர் அந்த சீசனை 0.200, அதாவது ஐந்து வாய்ப்புக்கு ஒரு ஹிட் என்ற சராசரியோடு முடித்தார். அவர் அடித்த 20 ஹோம் ரன்களே அணியில் அதிகபட்சம். ஆறரை அடிக்கு மேல் உயரமும் இப்படியொரு வலுவும் உள்ள ஒருவரை ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொண்டும் ஒரு நிலையான மட்டையாளராக ஆக்க முடியாதது உரிமையாளரின் பணப்பையால் மட்டும் வந்த குறையல்ல.

உரிமையாளர் பாப் நட்டிங் 2007 முதல் அணியின் தலைமைப் பொறுப்பில் இருக்கிறார். 2025 ஏப்ரலில் சொந்த ஊரின் முதல் ஆட்டத்தன்று, அணியை விற்றுவிடச் சொல்லும் பதாகையை இழுத்துக்கொண்டு மைதானத்துக்கு மேலே ஒரு சிறு விமானம் பறந்தது. கீழே கூட்டமும் அதையே முழங்கியது. மே 8 அன்று, 12 வெற்றி 26 தோல்வி என்ற நிலையில், மேலாளர் டெரெக் ஷெல்டன் நீக்கப்பட்டு, பிட்ஸ்பர்க் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த டான் கெல்லி அந்த இடத்துக்கு வந்தார். ஆனால் அந்த வசந்தத்தில் ரசிகர்களை உண்மையில் புண்படுத்தியவை ஆட்டத்துக்கு வெளியே நடந்த இரண்டு சிறு காரியங்கள் என்றே நினைக்கிறேன்.

முதலாவது, சுவர். அலகேனி ஆற்றங்கரையில் இருக்கும் பி.என்.சி. பார்க் மைதானத்தின் வலப்பக்கச் சுவர் 21 அடி உயரம். ராபர்ட்டோ கிளெமென்டே அணிந்த 21 என்ற எண்ணுக்காகவே அந்த உயரம். 3000 ஹிட்டுகள் அடித்த அந்தப் போர்ட்டோ ரிக்கோ வீரர், நிலநடுக்கத்தில் சிதைந்த நிகராகுவாவுக்கு நிவாரணப் பொருள் கொண்டுசெல்லும்போது 1972 டிசம்பர் 31 அன்று விமான விபத்தில் இறந்தார். அவருடைய எண் பொறித்த அடையாளம் அந்தச் சுவரில் இருந்தது. 2025 தொடங்கும்போது அந்த இடத்தில் ஒரு மதுபான விளம்பரம் இருந்தது. கிளெமென்டேயின் குடும்பத்தார் பேசிய பிறகே கழகம் வருத்தம் தெரிவித்து அடையாளத்தை மீண்டும் வைத்தது. இரண்டாவது, செங்கற்கள். மைதானம் 2001-ல் திறக்கப்பட்ட காலத்தில் ரசிகர்கள் பணம் கொடுத்து, இறந்த தந்தையின் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் பொறித்துப் பதித்த கற்கள் வாசல் நடைபாதையில் இருந்தன. நடைபாதையைப் புதுப்பிக்கப் பெயர்த்த கற்கள் ஒரு மறுசுழற்சிக் கிடங்கில் குவியலாகக் கிடந்தது பின்னர் படங்களோடு வெளிவந்தது. தோல்வியைப் பொறுத்துக்கொள்ள இந்த ஊருக்கு நன்றாகவே தெரியும். அப்பா பெயர் எழுதிய கல் குப்பையோடு கிடப்பதைப் பொறுத்துக்கொள் என்று யாரிடமும் கேட்க முடியாது.

இந்தப் பின்னணியில்தான் இந்தக் குளிர்காலத்தைப் பார்க்க வேண்டும். பைரேட்ஸ் பல ஆண்டுகளில் முதல்முறையாகச் சந்தையில் உண்மையாகவே இறங்கியது. ஃபிலடெல்ஃபியாவின் பெரிய அடிகாரர் கைல் ஷ்வார்பருக்கு நான்கு ஆண்டுக்கு 12 கோடி டாலருக்கும் மேல் கொடுக்க முன்வந்ததாகச் செய்திகள் வந்தன. அவர் தன் பழைய அணியிலேயே இருந்துவிட்டார். 2025-ல் 31 ஹோம் ரன் அடித்த பிராண்டன் லோவை, மூன்று அணிகள் சேர்ந்த பரிமாற்றத்தில், டாம்பாவிலிருந்து கொண்டுவந்தார்கள். ரயன் ஓஹெர்னுக்கு இரண்டு ஆண்டுக்கு 2.9 கோடி டாலர் கொடுத்தார்கள். மட்டையாளர் ஒருவரைச் சந்தையிலிருந்து ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில் இந்தக் கழகம் எடுத்து ஏறத்தாழ பத்தாண்டு ஆகிவிட்டது என்றால், மற்ற ஊர்களில் சாதாரணமாகத் தோன்றும் இந்தக் கையெழுத்து பிட்ஸ்பர்க்கில் ஏன் தலைப்புச் செய்தி ஆயிற்று என்பது விளங்கும். ஷ்வார்பருக்குக் கொடுக்க நினைத்த தொகை உண்மையிலேயே கழகத்தின் கையில் இருக்கிறது என்பதுதான் ரசிகர்கள் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம். இனிப் பணம் இல்லை என்ற பேச்சு அவர்களிடம் எடுபடாது.

என் மதிப்பீட்டில் இந்த மாற்றங்கள் அணியைப் பாதி ஆட்டங்களுக்கு மேல் வெல்லும் நிலைக்குக் கொண்டுவரும். 1992-க்குப் பிறகு பைரேட்ஸ் அந்த நிலையை எட்டியது 2013, 2014, 2015, 2018 என நான்கே முறை. கணக்கு எளிமையானது. இவ்வளவு குறைவாக ரன் கொடுக்கும் அணி, ரன் எடுப்பதில் கடைசி இடத்திலிருந்து நடு இடத்துக்கு நகர்ந்தாலே போதும். ஸ்கீன்ஸோடு மிட்ச் கெல்லரும் இளம் பப்பா சாண்ட்லரும் இருக்கிறார்கள். முழங்கை அறுவை சிகிச்சையால் 2025 முழுவதும் ஆடாத ஜாரெட் ஜோன்ஸும் இடையில் திரும்ப வேண்டும். ஆனால் ஸ்கீன்ஸ் எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறைதான் வீச முடியும். 162 ஆட்டங்களில் அவர் பங்கு முப்பத்திரண்டு. கிரிக்கெட்டில் ஒரு பந்து வீச்சாளர் கடைசியில் மட்டை பிடித்தாவது ஆட்டத்தைக் காப்பாற்றலாம். 2022 முதல் நேஷனல் லீகிலும் பந்து வீச்சாளர்கள் மட்டை பிடிப்பதில்லை. மீதி 130 ஆட்டங்களை வெல்ல வேண்டியவர்கள் மற்றவர்கள்.

அந்த மற்றவர்களில் எல்லாக் கண்களும் கானர் கிரிஃபின் மேல் இருக்கின்றன. மிசிசிப்பி மாநிலத்திலிருந்து 2024-ல் பள்ளி முடித்த கையோடு ஒன்பதாவது தேர்வாக வந்தவர். 2025-ல் கீழ்நிலை லீகின் மூன்று படிகளில் ஆடி 0.333 சராசரியும் 21 ஹோம் ரன்களும் எடுத்து, பந்து அடிபடாமலே ஓடி அடுத்த பேஸைப் பிடிக்கும் விதத்தில் 65 பேஸ்களைத் திருடினார். அவருக்கு ஏப்ரல் கடைசியில்தான் இருபது வயது நிறைகிறது. நாட்டின் இளம் வீரர்களில் அவரையே முதலிடத்தில் வைக்கிறார்கள். மார்ச் இறுதியில் முதல் ஆட்டத்திலேயே அவரை இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு இடையே காக்கும் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நிறுத்துவார்களா, இன்னும் சில வாரம் கீழே வைப்பார்களா என்பதுதான் பிராடென்டனில் இப்போது பேச்சு. 172 நாள் கணக்கு இங்கே மறுபடியும் வந்து நிற்கிறது. புதிய விதிப்படி, சிறந்த இளம் வீரரைத் தொடக்கத்திலிருந்தே ஆடவைத்து அவர் புதுமுக விருது வென்றால் கழகத்துக்குக் கூடுதலாக ஒரு தேர்வு உரிமை கிடைக்கும் என்பது மறுபக்கத்து ஈர்ப்பு. ஏழாவது ஆண்டுக்காக இப்போது மூன்று வாரத்தை விட்டுக்கொடுப்பது நியாயம் என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அது ஏற்பில்லை. ஸ்கீன்ஸும் கிரிஃபினும் ஒரே அணியில் ஆடும் ஆண்டுகள் நான்குக்கு மேல் போகாது. 2032-ல் வரப்போகும் ஓர் ஆண்டுக்காக அந்த நான்கில் ஒரு துண்டை வெட்டி எறிவது, 2018-ல் செய்த அதே வகைக் கணக்கு. அவர் இன்னும் தயாராகவில்லை என்று பயிற்சியாளர்கள் ஆட்டத்தைப் பார்த்துச் சொன்னால் அது வேறு, அதைக் கேட்டுக்கொள்ளலாம்.

பிராடென்டனைப் பற்றிப் பேசும்போது நம் வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2008 நவம்பரில் பைரேட்ஸ் ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரு உத்தரப் பிரதேச இளைஞர்களை ஒப்பந்தம் செய்தது. ஈட்டி எறிந்து பழகிய கைகள் அவை. ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் தேர்வாகும்வரை இருவரும் பேஸ்பாலைத் தொட்டதில்லை. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் கையெழுத்திட்ட முதல் இந்தியர்களான அவர்கள், 2009-ல் இதே பிராடென்டனில்தான் கீழ்நிலை அணிக்காக ஆடினார்கள். மேஜர் லீக் வரை அவர்களால் போக முடியவில்லை.

ரசிகர்களின் பொறுமைக்கு எல்லை இல்லையா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. 1960 அக்டோபர் 13 அன்று, வேர்ல்ட் சீரீஸின் ஏழாவது ஆட்டத்தில், யாங்கீஸுக்கு எதிராக பில் மேசரோஸ்கி அடித்த ஹோம் ரன்னில் பிட்ஸ்பர்க் வாகை சூடியது. அந்தப் பந்து தாண்டிச் சென்ற பழைய மைதானம் இப்போது இல்லை. ஓக்லண்ட் பகுதியில் பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கு நடுவே அதன் செங்கல் சுவரில் ஒரு துண்டு மட்டும் நிற்கிறது. ஆண்டுதோறும் அதே நாளில் ரசிகர்கள் அங்கே மடக்கு நாற்காலிகளோடு கூடி, அந்த ஆட்டத்தின் வானொலி ஒலிப்பதிவை முதல் பந்திலிருந்து ஓடவிட்டுக் கேட்கிறார்கள். மேசரோஸ்கியின் அடி சரியாகப் பிற்பகல் 3.36-க்கு வரும்படி நேரம் வைத்துத் தொடங்குவார்கள். முடிவு தெரிந்த ஆட்டத்துக்கு இன்னும் கைதட்டுபவர்களிடம் பொறுமை குறைவு என்று சொல்ல முடியாது. அதே நகரத்தில் அதே கறுப்பும் தங்கமும் அணியும் அமெரிக்கக் கால்பந்து அணி ஸ்டீலர்ஸ் ஆறு சூப்பர் போல் வென்றிருக்கிறது. ஹாக்கி அணி பென்குயின்ஸ் 2009, 2016, 2017 என ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியிருக்கிறது. பைரேட்ஸின் கடைசி வேர்ல்ட் சீரீஸ் 1979. வெல்வது எப்படி இருக்கும் என்று தெரிந்த ஊர் என்பதால்தான் ஏமாற்றம் இங்கே கூடுதலாக வலிக்கிறது.

இந்த சீசனில் கவனிக்க வேண்டிய நாட்கள் சில உண்டு. ஸ்கீன்ஸ் வீசும் நாட்களில் அணி மூன்று நான்கு ரன்களாவது எடுக்கிறதா என்பது ஏப்ரல் முடிவதற்குள் தெரிந்துவிடும். ஜூலை கடைசியில் பரிமாற்றக் கெடு நெருங்கும்போது, பிளே ஆஃப் எட்டும் தொலைவில் இருந்தால் கழகம் இன்னொரு மட்டையாளரை வாங்குகிறதா, இல்லை, வழக்கம்போல் இருப்பவரை விற்கிறதா என்று பார்க்க வேண்டும்; பிராண்டன் லோவின் ஒப்பந்தம் இந்த ஆண்டோடு முடிவதால் அவரைச் சுற்றியே அந்தப் பேச்சு எழும். சீசன் முடிந்ததும் ஸ்கீன்ஸ் ஊதிய நடுவர் தீர்ப்புக்குத் தகுதி பெறுகிறார். அதற்கு முன்பே நீண்டகால ஒப்பந்தம் ஒன்றை அவர் முன் வைத்தால் கழகத்தின் எண்ணம் என்ன என்பது தெரிந்துவிடும். 2023-ல் பிரையன் ரேனால்ட்ஸுக்குக் கொடுத்த 10 கோடியே 67 லட்சம் டாலர்தான் கழகம் அதுவரை எவருக்கும் கொடுத்ததில் பெரியது. ஸ்கீன்ஸுக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும்.

பிறகு டிசம்பர் 1 வருகிறது. உரிமையாளர்களுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான இப்போதைய ஒப்பந்தம் அன்று முடிகிறது. உரிமையாளர்கள் ஊதிய மேல்வரம்பு கேட்கப்போகிறார்கள். வீரர் சங்கம் அதை எப்போதும் எதிர்த்தே வந்திருக்கிறது. 1994-ல் இதே சண்டைதான் வேலைநிறுத்தமாகி வேர்ல்ட் சீரீஸையே ரத்து செய்ய வைத்தது. மேல்வரம்பு வந்தால் பிட்ஸ்பர்க் போன்ற ஊர்களுக்கு நல்லது என்று ரசிகர்களில் பலர் நம்புகிறார்கள். கீழ்வரம்பும் சேர்ந்து வந்தால் மட்டுமே நல்லது என்பது என் கருத்து. எப்படியானாலும் கதவடைப்பு நீண்டு 2027-ன் ஆட்டங்களை விழுங்கிவிட்டால், ஸ்கீன்ஸின் நான்கு சீசன்களில் ஒன்று ஆடாமலேயே கரைந்துபோகக்கூடும். ஆகவே இந்த ஏப்ரலில், கார்களுக்கு அடைத்துவிட்ட மஞ்சள் நிறக் கிளெமென்டே பாலத்தின் மேல் நடந்து மைதானத்துக்குப் போகிறவர்கள், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று இந்த முறை சொல்லப்போவதில்லை.